2839 ரேட்டிங் கார்ல்சனை 2512 ரேட்டிங் வீரர் வீழ்த்தியது எப்படி? செஸ்ஸில் சமமில்லாத ஆட்டங்களின் கணக்கு: முழு விளக்கம்

2023 அக்டோபர். கத்தார் மாஸ்டர்ஸ் ஓபன் செஸ் தொடரின் இரண்டாவது சுற்று. ஒரு பக்கம் உலகின் நம்பர் 1 வீரரான நார்வேயின் மேக்னஸ் கார்ல்சன். அவரது ரேட்டிங் 2839. எதிரில் கஜகஸ்தானைச் சேர்ந்த 23 வயது அலிஷர் சுலைமெனோவ். ரேட்டிங் 2512.

31 நகர்த்தல்களில் ஆட்டம் முடிந்தது. தோற்றவர் கார்ல்சன்.

இப்படி ஒரு செய்தி வந்தாலே நமக்குச் சில கேள்விகள் வரும். ரேட்டிங்கில் இவ்வளவு பின்தங்கியவர் எப்படி ஜெயித்தார்? உலக சாம்பியனாக இருந்தவர் இவரோடு ஏன் ஆட வேண்டும்? இந்தத் தோல்வியால் கார்ல்சனுக்கு எவ்வளவு நஷ்டம்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அது என்ன ரேட்டிங்?

கிரிக்கெட்டில் சராசரி, ஸ்ட்ரைக் ரேட் என்று பல எண்களைப் பார்க்கிறோம். செஸ்ஸில் ஒரே எண்தான். அதுதான் 'எலோ ரேட்டிங்'. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராக இருந்த அர்பாட் எலோ உருவாக்கிய முறை இது. அவர் பெயரே ரேட்டிங்குக்கும் வந்துவிட்டது. அமெரிக்க செஸ் கூட்டமைப்பு 1960-லும், சர்வதேச செஸ் கூட்டமைப்பான ஃபிடே 1970-லும் இதை ஏற்றுக்கொண்டன.

புதிதாக ரேட்டிங் பெறும் பள்ளி மாணவர் 1400, 1500 என்ற அளவில் இருப்பார். கிராண்ட்மாஸ்டர் பட்டம் வாங்க ஒரு கட்டத்திலாவது 2500-ஐத் தொட்டிருக்க வேண்டும். 2700-ஐத் தாண்டினால் உலகின் முன்னணி வரிசை. 2800 என்பது விரல் விட்டு எண்ணக்கூடிய சிலர் மட்டுமே எட்டிய உயரம். ஒவ்வொரு மாதமும் 1-ஆம் தேதி ஃபிடே புதிய பட்டியலை வெளியிடும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரேட்டிங் என்பது பரீட்சை மார்க் மாதிரி இல்லை. 2839 என்ற எண்ணுக்குத் தனியாக எந்த அர்த்தமும் கிடையாது. இன்னொருவரின் ரேட்டிங்கோடு ஒப்பிடும்போதுதான் அது பேசத் தொடங்கும். இருவருக்கும் இடையே எத்தனை புள்ளி வித்தியாசம் என்பதுதான் முழுக் கணக்கும்.

327 புள்ளி வித்தியாசம் என்றால் என்ன?

செஸ்ஸில் ஜெயித்தால் 1 புள்ளி, டிரா ஆனால் அரைப் புள்ளி, தோற்றால் பூஜ்ஜியம். ரேட்டிங் வித்தியாசத்தை வைத்து, ஒரு ஆட்டத்தில் பலமானவர் சராசரியாக எவ்வளவு புள்ளி எடுப்பார் என்று ஃபிடே ஒரு அட்டவணையே வைத்திருக்கிறது.

- வித்தியாசம் இல்லை என்றால்: 0.50
- 100 புள்ளி: 0.64
- 200 புள்ளி: 0.76
- 300 புள்ளி: 0.85
- 400 புள்ளி: 0.92

கார்ல்சனுக்கும் சுலைமெனோவுக்கும் வித்தியாசம் 327. அட்டவணைப்படி கார்ல்சனின் எதிர்பார்ப்பு 0.87. அதாவது இருவரும் 100 முறை ஆடினால் கார்ல்சன் 87 புள்ளி எடுப்பார் என்று கணக்கு சொல்கிறது.

இதை '87 ஆட்டம் ஜெயிப்பார்' என்று புரிந்துகொள்ளக் கூடாது. டிராவும் இதில் அடக்கம். உதாரணத்துக்கு 78 வெற்றி, 18 டிரா, 4 தோல்வி என்றாலும் 87 புள்ளிதான் வரும். ஆக, தோல்வி என்பது இந்தக் கணக்கிலேயே ஒளிந்திருக்கிறது. எப்போது வரும் என்றுதான் யாருக்கும் தெரியாது. கத்தாரில் நடந்தது அதிசயம்தான், ஆனால் நடக்கவே கூடாத ஒன்று அல்ல.

நம்பர் 1 வீரர் ஏன் இவரோடு ஆடுகிறார்?

கேண்டிடேட்ஸ், நார்வே செஸ் போன்ற தொடர்களுக்கு முன்னணி வீரர்கள் சிலர் மட்டுமே வருவார்கள். அங்கே பலம் ஏறக்குறைய சமமாக இருக்கும். ஓபன் தொடர் அப்படி இல்லை. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கலந்துகொள்வார்கள். எல்லோரும் எல்லோரோடும் ஆட நாள் போதாது.

அதற்கான தீர்வுதான் 'ஸ்விஸ் முறை'. 1895-ல் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் நடந்த தொடரில் அறிமுகமானதால் இந்தப் பெயர். விதி எளிமையானது. யாரும் வெளியேற்றப்படுவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய ஒரே புள்ளியில் இருப்பவர்கள் மோதுவார்கள்.

முதல் சுற்றில் எல்லோரும் பூஜ்ஜியம்தானே? அப்போது ரேட்டிங் வரிசைப்படி பட்டியலை இரண்டாகப் பிரிப்பார்கள். 100 பேர் இருந்தால் முதலிடத்தில் இருப்பவர் 51-ஆம் இடத்தில் இருப்பவரோடு ஆடுவார். இரண்டாமிடம் 52-ஆம் இடத்தோடு. இப்படியே போகும். அதனால் ஓபன் தொடரின் முதல் இரண்டு மூன்று சுற்றுகளில் சமமில்லாத ஆட்டங்கள் நிறைய வரும். மேல் மேசைகளில் அதிர்ச்சி முடிவுகள் அதிகம் வருவதும் அந்தச் சுற்றுகளில்தான்.

யாருக்கு ரிஸ்க் அதிகம்?

'சின்ன வீரரோடு ஆடினால் ஈஸியாகப் புள்ளி வாங்கலாமே' என்று தோன்றும். நிஜத்தில் பலமானவருக்குத்தான் இதில் தலைவலி.

ஆட்டம் முடிந்ததும், எடுத்த புள்ளியிலிருந்து எதிர்பார்த்த புள்ளியைக் கழிப்பார்கள். வரும் விடையை ஒரு எண்ணால் பெருக்குவார்கள். அந்த எண்ணுக்குப் பெயர் 'கே'. ஒருமுறை 2400-ஐத் தொட்டுவிட்டவருக்கு கே 10. அதை எட்டாதவருக்கு 20. புதிதாக வருபவர்களுக்கும், 2300-க்குக் கீழே இருக்கும் 18 வயது வரையிலான சிறுவர் சிறுமியருக்கும் 40.

கார்ல்சன், சுலைமெனோவ் இருவருக்குமே கே 10. கார்ல்சன் ஜெயித்திருந்தால் அவருக்குக் கிடைத்திருப்பது வெறும் 1.3 புள்ளி. டிரா ஆகியிருந்தால் 3.7 புள்ளி போயிருக்கும். தோற்றதால் போனது 8.7 புள்ளி. அந்த 8.7 அப்படியே சுலைமெனோவ் கணக்கில் ஏறியது.

ஜெயித்தால் ஒன்றே கால், தோற்றால் எட்டே முக்கால். ஏறக்குறைய ஏழு வெற்றியில் சேர்த்ததை ஒரு தோல்வி கொண்டுபோய்விடும்.

குழந்தைகளோடு ஆட பெரியவர்கள் ஏன் பயப்படுகிறார்கள்?

இதே கணக்கை நம்ம ஊர் ஓபன் தொடர் ஒன்றுக்குப் போட்டுப் பார்க்கலாம். 1600 ரேட்டிங் உள்ள 11 வயது சிறுமி, 2000 ரேட்டிங் உள்ள 35 வயது வீரரோடு ஆடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 400. சிறுமிக்கு கே 40, பெரியவருக்கு கே 20.

- பெரியவர் ஜெயித்தால்: அவருக்கு 1.6 கூடும், சிறுமிக்கு 3.2 குறையும்
- டிரா ஆனால்: அவருக்கு 8.4 குறையும், சிறுமிக்கு 16.8 கூடும்
- சிறுமி ஜெயித்தால்: பெரியவருக்கு 18.4 குறையும், சிறுமிக்கு 36.8 கூடும்

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. ரேட்டிங் காட்டுவது நேற்றைய பலத்தை. தினமும் நாலு மணி நேரம் பயிற்சி எடுக்கும் குழந்தையின் ஆட்டம் மாதக் கணக்கில் மாறிக்கொண்டே இருக்கும். ரேட்டிங் அந்த வேகத்துக்கு ஓடிவர முடியாது. தாளில் 1600 என்று இருக்கும், போர்டில் 1900 உட்கார்ந்திருக்கும். வேலைக்குப் போய்க்கொண்டே வார இறுதியில் ஆடும் பெரியவர்கள் 'குழந்தைகளிடம் ரேட்டிங்கை விட்டுட்டு வர்றோம்' என்று புலம்புவதற்குக் காரணம் இதுதான்.

கீழ்மட்ட ரேட்டிங்குகள் நிஜ பலத்தைவிடக் குறைவாக இருக்கின்றன என்ற பிரச்சினையைச் சரிசெய்ய, 2024 மார்ச்சில் ஃபிடே ஒரு மாற்றம் செய்தது. 2000-க்குக் கீழே இருந்த எல்லோருக்கும், 2000-ஐ எட்ட எவ்வளவு குறைகிறதோ அதில் 40 சதவீதத்தைக் கூட்டிக் கொடுத்தது. அதாவது 1500-ல் இருந்தவர் ஒரே இரவில் 1700 ஆனார். குறைந்தபட்ச ரேட்டிங்கும் 1000-லிருந்து 1400 ஆக உயர்ந்தது.

சரி, பலம் குறைந்தவர் எப்படி ஜெயிக்கிறார்?

முதல் காரணம், டிரா என்ற முடிவு இருவருக்கும் ஒரே மதிப்பில் இல்லை. பலம் குறைந்தவருக்கு டிராவே லாபம். பலமானவருக்கு டிரா நஷ்டம். ஓபன் தொடரில் பரிசு வாங்க வேண்டுமென்றால் ஆரம்பச் சுற்றுகளில் முழுப் புள்ளி எடுத்தாக வேண்டும். அதனால் ஆட்டம் சமநிலையில் இருந்தாலும் அவர் விடமாட்டார். காய்களை வெட்டி ஆட்டத்தை எளிமையாக்காமல், சிக்கலை வளர்ப்பார். சிக்கல் வளர்ந்தால் தவறு செய்யும் வாய்ப்பு இருவருக்கும்தான் வளரும்.

இரண்டாவது, வீட்டுப் பாடம். ஸ்டாக்ஃபிஷ் போன்ற செஸ் இன்ஜின்கள் இன்று இலவசம். எந்த உலக சாம்பியனைவிடவும் பலமாக ஆடும் இன்ஜின் சாதாரண மொபைலிலேயே ஓடுகிறது. எதிராளியின் பழைய ஆட்டங்கள் எல்லாம் இணையத்தில் இருக்கின்றன. அதனால் முதல் 15, 20 நகர்த்தல்கள் வரை ரேட்டிங் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாமலே போகலாம். இதைத் தவிர்க்கத்தான் பெரிய வீரர்கள் அதிகம் ஆடப்படாத தொடக்கங்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதிலும் ஒரு ஆபத்து உண்டு. அதிகம் ஆடப்படாததற்குப் பல நேரம் நல்ல காரணம் இருக்கும்.

மூன்றாவது, கடிகாரம். நேரம் குறையக் குறைய யாராக இருந்தாலும் தடுமாறுவார்கள்.

நான்காவது, மனசு. இழக்க ஒன்றுமில்லாதவர் நிம்மதியாக உட்காருவார். எதிரில் இருப்பவர் மேல்தான் மொத்த அரங்கின் பார்வையும் இருக்கும்.

அதே தொடரில் ஒரு தஞ்சாவூர்க்காரர்

கத்தாரில் கார்ல்சனுக்கு அந்த ஒரு தோல்வியோடு முடியவில்லை. ஏழாவது சுற்றில் அவரை எதிர்கொண்டவர் தஞ்சாவூரைச் சேர்ந்த கிராண்ட்மாஸ்டர் கார்த்திகேயன் முரளி. வயது 24. ரேட்டிங் 2611. வித்தியாசம் 228 புள்ளி. அட்டவணைப்படி கார்ல்சனின் எதிர்பார்ப்பு 0.79.

ஜெயித்தது கார்த்திகேயன். நீண்ட நேர கிளாசிக்கல் வடிவத்தில் கார்ல்சனை வீழ்த்திய மூன்றாவது இந்தியர் என்ற பெருமை அவருக்குக் கிடைத்தது. அவருக்கு முன்னால் அதைச் செய்திருந்தவர்கள் விஸ்வநாதன் ஆனந்தும், பென்டாலா ஹரிகிருஷ்ணாவும். கார்த்திகேயனுக்கு இதில் 7.9 புள்ளி. இரண்டு தோல்விகளில் மட்டும் கார்ல்சன் கணக்கில் கழிந்தது 16.6 புள்ளி. தொடரில் பட்டம் வென்றவர் உஸ்பெகிஸ்தானின் நோதிர்பெக் யாகுபோயெவ்.

இதற்கு முன்பே, 2022 ஜூலை - ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் நடந்த செஸ் ஒலிம்பியாட்டிலும் இதே கதையைப் பார்த்தோம். ரேட்டிங் கணக்கில் முதலிடத்தில் இருந்த அணி அமெரிக்கா. அந்த அணியை எட்டாவது சுற்றில் 3-1 என்று இந்தியாவின் 'பி' அணி சாய்த்தது. அன்று ஃபேபியானோ கருவானாவை வீழ்த்தியவர் 16 வயது குகேஷ். இந்திய 'பி' அணி வெண்கலத்தோடு முடிக்க, அமெரிக்கா பதக்கம் இல்லாமல் திரும்பியது.

ஜெயித்தவர் மேல் ஏன் சந்தேகம்?

சுலைமெனோவ் ஆட்டத்துக்குத் திரும்புவோம். ஆட்டம் முடிந்ததும் கார்ல்சன் சமூக வலைத்தளத்தில் ஒரு பதிவு போட்டார். எதிராளி கையில் கடிகாரம் கட்டியிருந்ததை ஆட்டத்தின் தொடக்கத்திலேயே பார்த்ததும் தன்னால் கவனம் செலுத்த முடியவில்லை என்றார். நடுவரிடம் கேட்டபோது, ஸ்மார்ட் வாட்ச்தான் தடை, சாதாரண முள் கடிகாரத்துக்குத் தடையில்லை என்று பதில் வந்ததாகவும் சொன்னார். கூடவே, தான் யார் மீதும் குற்றம் சாட்டவில்லை என்றும், சுலைமெனோவ் அருமையாக ஆடினார், வெற்றிக்குத் தகுதியானவர் என்றும் தெளிவாகக் குறிப்பிட்டார். அந்த எண்ணங்களைச் சமாளிக்க முடியாமல் போனதற்குத் தானே பொறுப்பு என்றும் ஏற்றுக்கொண்டார்.

அவருடைய கோபம் ஏற்பாட்டாளர்கள் மீது. பார்வையாளர்கள் மொபைலோடு அரங்கில் நடமாடுகிறார்கள், நகர்த்தல்கள் தாமதமில்லாமல் நேரலையில் போகின்றன என்பது அவரது புகார். நேரலையைச் சில நிமிடம் தள்ளி ஒளிபரப்பினால், வெளியிலிருந்து யாராவது இன்ஜின் பார்த்து சைகை காட்டினாலும் பயன்படாது. அதனால்தான் இந்தத் தாமதத்துக்கு இவ்வளவு முக்கியத்துவம்.

புகாரில் நியாயம் இருக்கிறது. ஆனால் இதன் இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். 23 வயது வீரர் ஒருவர் தன் வாழ்நாளின் மிகப் பெரிய வெற்றியைப் பெறுகிறார். அடுத்த நாள் செய்திகளில் அவரது நகர்த்தல்களைவிட அவர் கையில் இருந்த கடிகாரம்தான் அதிகம் பேசப்பட்டது. அவர் எந்த விதியையும் மீறவில்லை. 2839 ரேட்டிங் வீரர் 2512 வீரரை வீழ்த்தும்போது யாரும் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. சந்தேகம் எப்போதும் கீழேயிருந்து மேலே வருபவர் மேல்தான் விழுகிறது. ரேட்டிங் பட்டியலில் தெரியாத ஒரு சமமின்மை இது.

இதற்கு முந்தைய வருடம்தான், 2022 செப்டம்பரில் சிங்க்ஃபீல்டு கோப்பையில் அமெரிக்காவின் ஹான்ஸ் நீமனிடம் கார்ல்சன் தோற்று, மறுநாளே தொடரிலிருந்து விலகினார். விவகாரம் நீதிமன்றம் வரை போய், 2023 ஆகஸ்டில் சமரசத்தில் முடிந்தது. நேரடிப் போர்டு ஆட்டத்தில் ஏமாற்றியதாகச் சொல்வதை நீமன் தொடர்ந்து மறுத்தார். ஆன்லைனில் சிறு வயதில் செய்த தவறுகளை மட்டும் ஒப்புக்கொண்டார். சரியான காரணமின்றித் தொடரிலிருந்து விலகியதற்காக கார்ல்சனுக்கு 10,000 யூரோ அபராதம் விதித்தது ஃபிடே.

பலமானவர்கள் புள்ளி 'அறுவடை' செய்ய முடியுமா?

இதுவரை பலமானவர் படும் பாட்டைப் பார்த்தோம். அவருக்குச் சாதகமான ஒரு வழியும் இருந்தது. அதுதான் '400 புள்ளி விதி'.

எதிராளி எவ்வளவு கீழே இருந்தாலும் கணக்குக்கு வித்தியாசம் 400 என்றே எடுத்துக்கொள்வார்கள். அதாவது 2800 வீரர் 1900 வீரரோடு ஆடினாலும் எதிர்பார்ப்பு 0.92-ஐத் தாண்டாது. ஜெயித்தால் குறைந்தது 0.8 புள்ளி நிச்சயம். 900 புள்ளி வித்தியாசத்தில் தோற்பதற்கு வாய்ப்பே இல்லை என்னும்போது இது கிட்டத்தட்ட இலவசப் புள்ளி.

2025-ல் அமெரிக்காவின் ஹிகாரு நகமுரா இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். 2026 கேண்டிடேட்ஸ் தொடரில் ரேட்டிங் அடிப்படையில் ஒரு இடம் இருந்தது. அதற்குக் குறைந்தது 40 ஆட்டங்கள் ஆடியிருக்க வேண்டும். எண்ணிக்கையை எட்டுவதற்காக அவர் லூசியானா, அயோவா மாகாணங்களில் நடந்த உள்ளூர் தொடர்களில் போய் ஆடினார். உலகின் நம்பர் 2 வீரர், உள்ளூர் அமெச்சூர்களோடு! விதிப்படி இதில் எந்தத் தவறும் இல்லை. எதிரில் ஆடியவர்களுக்கோ வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொள்ள ஒரு ஆட்டம் கிடைத்தது.

ஆனால் விவாதம் பெரிதானது. 2025 அக்டோபர் 1 முதல், 2650-க்கு மேல் ரேட்டிங் உள்ளவர்களுக்கு 400 புள்ளி விதி பொருந்தாது என்று ஃபிடே மாற்றியது. இப்போது அவர்களுக்கு நிஜ வித்தியாசமே கணக்கு. 735 புள்ளிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் எதிர்பார்ப்பு முழுதாக 1. ஜெயித்தால் பூஜ்ஜியம்தான். தப்பித்தவறி டிரா ஆனால் 5 புள்ளி போய்விடும். 2650-க்குக் கீழே உள்ளவர்களுக்குப் பழைய விதியே தொடர்கிறது.

இப்படிப்பட்ட ஆட்டங்களே வேண்டாம் என்று சொல்லலாமா?

பலமானவர்கள் தங்களுக்குள் மட்டும் ஆடிக்கொண்டால் ரேட்டிங் பத்திரமாக இருக்கும். ஆனால் கீழே இருப்பவர் மேலே வர வழி இருக்காது. கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்கு மூன்று 'நார்ம்' தேவை. அதற்கு 2600 தரத்தில் ஆடிக் காட்ட வேண்டும். எதிராளிகளின் சராசரி ரேட்டிங் 2380-க்குக் குறையக் கூடாது. தன்னைவிடப் பலமானவர்கள் எதிரில் வந்து உட்கார்ந்தால்தான் அது நடக்கும்.

கார்ல்சனுக்கே இதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு. 2004-ல் ஐஸ்லாந்தின் ரெய்க்யாவிக்கில் ரேபிட் தொடர் ஒன்று நடந்தது. அன்று நம்பர் 1 ரஷ்யாவின் கேரி காஸ்பரோவ். ரேட்டிங் 2831. எதிரில் 13 வயதுப் பையன். ரேட்டிங் 2484. வித்தியாசம் 347. கத்தாரில் இருந்ததைவிட அதிகம். முதல் ஆட்டத்தில் காஸ்பரோவைத் திணறவைத்து டிரா செய்தான் அந்தப் பையன். அடுத்த ஆட்டத்தில் தோற்றான். அவன்தான் மேக்னஸ் கார்ல்சன்.

சுருக்கமாகச் சொன்னால்

- ரேட்டிங் என்பது வாய்ப்புக் கணக்கு. ஒரு ஆட்டத்தின் முடிவை அது சொல்லாது.
- சமமில்லாத ஆட்டத்தில் பலமானவர் ஜெயித்தால் கிடைப்பது கொஞ்சம், தோற்றால் போவது அதிகம்.
- ஓபன் தொடர்களின் முதல் சுற்றுகளில் இப்படிப்பட்ட ஆட்டங்கள் வருவதற்கு ஸ்விஸ் முறையே காரணம்.
- வளரும் குழந்தைகளின் ரேட்டிங், அவர்களின் நிஜ பலத்தைவிடக் குறைவாகவே இருக்கும்.
- 2650-க்கு மேல் உள்ளவர்களுக்கு 400 புள்ளி விதி 2025 அக்டோபரோடு முடிந்தது.

ரேட்டிங் பெற்ற உங்கள் வீட்டுக் குழந்தை ஓபன் தொடர் ஒன்றுக்குப் போய், முதல் சுற்றில் தன்னைவிட 500 புள்ளி அதிகம் உள்ளவரோடு ஆட வேண்டும் என்று பட்டியலில் வந்தால் பதற வேண்டாம். தோற்றால் கணக்கில் போவது மிகக் குறைவு. டிரா செய்தாலே பெரிய லாபம். அந்த ஆட்டத்தில் கவலைப்பட வேண்டியவர் எதிரில் உட்கார்ந்திருப்பவர்தான்.